பெங்களூரு ஃபிளாட்டில் அட்லஸ் அந்துப்பூச்சி வளர்க்க முடியுமா? முட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

உள்ளங்கையைவிட அகலமான பூச்சி யாரோ ஒருவர் விரலில் உட்கார்ந்திருக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வரவழைக்காதீர்கள். உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையிலேயே அது இருக்கிறது. அட்லஸ் வகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உண்டு, அதற்காகக் காட்டில் போய்ப் பிடித்து வரவும் வேண்டாம். ஆசை தீர எரிப்பட்டுப் புழு போதும். அசாம் பக்கம் வீட்டிலேயே வளர்ப்பது. ஆமணக்கு இலைதான் சாப்பாடு, அது நம் ஊர்க் காலி மனைகளில் எல்லாம் தானாக முளைத்து நிற்கிறது.

என்னோடு வேலை செய்யும் அசாம்காரப் பெண் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது அறுபது முட்டை கொண்டுவந்து தந்தாள். "கூட்டுப்புழுவை வறுத்தால் எனக்கும் கொஞ்சம் வை" என்றாள். அவர்கள் ஊரில் அது விருந்துச் சாப்பாடு. என் மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

அத்தை தருமபுரிப் பக்கம், சின்ன வயதில் மல்பெரிப் புழுவுக்கு இலை நறுக்கிப் போட்டவர். "ஈர இலை போடாத கண்ணு, புழுவுக்கு வயிறு கெட்டுடும்" என்று முதல் நாளே சொன்னார். நான் கேட்கவில்லை. சாலையோர இலையாச்சே என்று கழுவி, அப்படியே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். மூடியில் வேர்த்துக் கொட்டியது. இருபது புழு கறுத்து, நாறிச் செத்தன. அப்புறம் அத்தை பொறுப்பேற்றுக்கொண்டார்: பழைய முறம், செய்தித்தாள், துடைத்துக் காயவைத்த இலை. நான்கு முறை தோலுரித்து, மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூசியது போல விரல் பருமனுக்கு வந்துவிட்டன. கடைசிப் பருவத்தில் தின்கிற தீனி இருக்கிறதே, அதுவரை தின்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. காலையும் மாலையும் பை நிறைய இலை வேண்டும். புழு வளர்க்கிறேன் என்று பெயர், உண்மையில் இலைக்கு அலைவதுதான் வேலை.

அந்த நேரம் பார்த்து எங்கள் அசோசியேஷன் கொசு மருந்துப் புகை அடித்தது. முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று வாட்ஸப் குழுவில் இரண்டு முறை எழுதியிருந்தேன், ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் முறத்தில் பச்சையாகக் கக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தன. நாற்பதில் மிஞ்சியது ஒன்பது. கொசு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, டெங்குவின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் கோடையில் மூன்று வாரம் லிஃப்ட் ஓடவில்லை, டேங்கர் தண்ணீருக்குத் தனியாக வசூல், விருந்தினர் வண்டியை நிறுத்தினால் அபராதம். இதில் புகை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நேரத்துக்கு வந்துவிடும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதும் கூடு கட்டின. "பட்டுக்காக உயிரைக் கொல்கிறீர்களே" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: எரிக் கூட்டின் ஒரு முனை திறந்தே இருக்கும், பூச்சி வெளியே போனபிறகு மிஞ்சும் கூட்டையும் பஞ்சு போல நூற்கலாம். நான் அதுகூடச் செய்யவில்லை. தினமும் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறோம், பக்கத்திலேயே மத்தியப் பட்டு வாரியம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு மூன்று வாரத்தில் ஏழு பூச்சிகள் வந்தன. கரும்பழுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பிறைகள். அவற்றுக்குத் தின்ன வாயே கிடையாது, சில நாள் வாழ்க்கைதான். தேன் தண்ணீர் வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஒரு பெண் பூச்சி முந்நூறு முட்டைக்கு மேல் இடும், அதையும் கணக்கில் வையுங்கள். என்னிடம் இரண்டு பெண் பூச்சிகள் இட்டன. அத்தனைக்கும் இலைக்கு எங்கே போவது? மனசே இல்லாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தேன். வெள்ளையாக, பொடிப்பொடியாக இருப்பதால், மேலே "அத்தை, இது சாமை இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.