பலகைக்கு அனுமதிப்பத்திரம் எங்கே?

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியில், வாடகைக் கட்டடம் ஒன்றில் புடவைக் கடை நடத்துகிறேன். 2024இல் கடையைத் திருத்தும்போது முன்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, 22 அடி உயரம், 10 அடி அகலத்தில் எல்.ஈ.டி. பலகை ஒன்று போட்டேன். அது நடைபாதைக்கு மேலே நாலு அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் மாநகர சபை உறுப்பினர் ஒருவர், "போடுங்கோ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பலகைக் கட்டணம் வருடா வருடம் கட்டிய பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன. ஆறு கிழமைக்கு முன் பலகையை அகற்றச் சொல்லி அறிவித்தல் வந்தது. அதுவும் சிங்களத்தில் மட்டும். ஒரு கிழமைக்குள் மேன்முறையீடு கொடுத்தேன். அதை விசாரிக்கிற மாநகர சபைக் குழு இரண்டு தடவை கூடியும் முடிவு சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் பலகை என்னுடையதைவிடப் பெரிது, அவரை யாரும் கேட்கவில்லை. இது பாகுபாடு இல்லையா? அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போட முடியுமா?

பதில்: கடிதத்தையும் நீங்கள் இணைத்திருந்த பிரதிகளையும் முழுவதும் வாசித்தேன். உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான். இப்போது நிற்கிற இந்தப் பலகைக்கு, இந்த அளவில், இந்த இடத்தில், எழுத்தில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? உங்கள் கோப்பில் அது இல்லை. இருப்பது 2016இல் எடுத்த அனுமதி. அது சுவரோடு ஒட்டியிருந்த 12 அடிக்கு 3 அடி வர்ணப் பலகைக்கு. அந்தப் பலகையைக் கழற்றிய அன்றே அந்தக் கடதாசியின் வேலை முடிந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடை: அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தருகிற சமத்துவம், சட்டப்படி உங்களுக்குரிய ஒன்றில் சமத்துவம். அவர் அனுமதியில்லாமல் வைத்திருக்கிறார், என்னையும் விடுங்கள் என்று கேட்க முடியாது. சி.டபிள்யூ. மெக்கி நிறுவனம் எதிர் ஹியூ மொலகொட வழக்கில் உயர் நீதிமன்றம் 1986லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவரிடம் அனுமதி இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் நீங்கள் சாதிக்கப்போவது அவருடைய பலகையையும் கழற்றுவிப்பது மட்டும்தான்.

மொழி: தமிழில் தொடர்பாடல் பெறுகிற உரிமை 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதற்காக அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதைத் தனியாகச் செய்யுங்கள். ஒரு கிழமைக்குள் அறிவித்தலின் ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம் போட்டுப் பதில் எழுதிய ஒருவர், "எனக்கு விளங்கவில்லை" என்று நீதவான் முன் நிற்க முடியாது.

அந்த உறுப்பினரின் வாக்கு: கொழும்பு மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடைப்பட்ட காலத்தில் ஆணையாளரின் நிர்வாகம்தான் நடந்தது. ஆகவே 2024இல் மாநகர சபை உறுப்பினர் என்று ஒருவருமே இருக்கவில்லை. உங்களுக்கு வாக்குத் தந்தவர் முன்னாள் உறுப்பினராக இருந்திருப்பார். அவர் அன்று பதவியில் இருந்திருந்தாலும் வாய்ச்சொல் அனுமதிப்பத்திரம் ஆகாது. இதைச் சத்தியக்கடதாசியில் எழுதினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது இந்த வரியைத்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அறிவித்தலின் தலைப்பைப் பாருங்கள். அது சபையின் விளம்பரப் பலகைத் துணைவிதியின் கீழ் வந்ததல்ல. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில், அனுமதியில்லாத அபிவிருத்தி நடவடிக்கை பற்றிய 28அ பிரிவின் கீழ் வந்தது. அந்தச் சட்டத்தில் "அபிவிருத்தி நடவடிக்கை" என்பதற்குள் கட்டமைப்பு எழுப்புவதும் அடங்கும். சுவரில் வர்ணத்தால் எழுதிய பெயரென்றால் வாதாட இடமிருக்கும். போல்ட் அடித்து ஏற்றிய 22 அடி இரும்புச் சட்டத்தைக் கட்டமைப்பு இல்லை என்று நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்லமாட்டேன்.

இதனால்தான் சபையின் இரக்கத்தை நம்பி நீங்கள் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டமிடல் அனுமதி விடயத்தில் மாநகர சபை அதிகாரிகள் பயன்படுத்துவது அதிகார சபை அவர்களுக்குக் கையளித்த அதிகாரத்தை. 2021 ஜூலையில் 2235/54ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளுக்கு உள்ளே நின்றுதான் அவர்கள் முடிவெடுக்க முடியும். அந்த விதிகளுக்கு வெளியே நிற்கிற பலகையை, சபை முழுவதும் கை உயர்த்தினாலும் சட்டபூர்வமாக்க இயலாது. போதாக்குறைக்குக் காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. நடைபாதைக்கு மேலே நீட்டுகிற நாலு அடிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் வேண்டும். அதை நீங்கள் கேட்டதே இல்லை.

அடுத்தது, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி. "அப்பீல் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று இருந்துவிடுவது. மேன்முறையீடு கொடுத்ததால் மட்டும் அறிவித்தல் நின்றுவிடாது. அதில் குறித்த கால அவகாசம் கழிந்த பிறகு எந்த நாளும் அகற்றும் கட்டளை கேட்டு அதிகார சபை நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யலாம். அழைப்பாணை வந்து போய்ப் பார்த்தால்தான் அங்கே பேச எவ்வளவு கொஞ்ச இடம் இருக்கிறது என்பது தெரியும். நியாயமா, பாகுபாடா, எத்தனை இலட்சம் செலவு, எத்தனை பேருக்கு வேலை என்று எதையும் நீதவான் விசாரிக்கப்போவதில்லை. செல்லுபடியான, நடைமுறையில் உள்ள அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதுதான் அங்கே உள்ள எதிர்வாதம். இல்லையென்றால் அகற்றும் கட்டளை. அதற்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். கேட்டுவிட்டால் இடைக்காலத் தடை தானாக வந்துவிடும் என்று எண்ணவேண்டாம்.

கொழும்புக்கு வெளியே ஒரு சபையின் எல்லையில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சாப்பாட்டுக் கடை. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே பலகைக்குக் கீழே இன்னொரு தட்டுச் சேர்த்தார். அதைப் படமெடுத்துக் கோப்பில் போட்டார்கள். பிறகு தவணைக்கு மேல் தவணை கேட்டு இழுத்தார். கட்டளை வந்த பிறகு ஒரு நாள் விடியற்காலையில் காஸ் கட்டரோடு வந்து வெட்டினார்கள். பலகையோடு முன்சுவர் டைல்களும் வயரிங்கும் போயின. தானே ஆள் பிடித்துக் கழற்றியிருந்தால் சட்டத்தையாவது திரும்பப் பாவித்திருக்கலாம்.

இரண்டாவது ஆபத்து உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. மேன்முறையீட்டுக் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் "அனுமதி எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பந்தியில் "உறுப்பினரின் அனுமதியோடு போட்டேன்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. பற்றுச்சீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அளவு என்ற இடத்தில் 12 x 3 என்று இருக்கிறது. 36 சதுர அடிக்குக் காசு கட்டிக்கொண்டு 220 சதுர அடி பலகை வைத்திருந்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சியம் தயாரித்து, பிரதியெடுத்து, கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கட்டணம் கட்டினால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. இங்கே அந்தச் சீட்டு உங்களுக்கு எதிராகவே பேசுகிறது.

இனி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 140ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை (அரச அதிகாரியின் முடிவை இரத்துச் செய்கிற அல்லது தடுக்கிற நீதிமன்ற ஆணை) கேட்டுப் போவதென்றால் இவை எல்லாவற்றையும் மறைக்காமல் வைக்கவேண்டும். முக்கிய விடயத்தை ஒளித்த மனுதாரரின் வழக்கை உள்ளே போய்ப் பார்க்காமலே தள்ளிவிடலாம். 1973இன் அல்போன்சோ அப்புஹாமி தீர்ப்பிலிருந்து இதுதான் நிலைமை. 2016 அனுமதியை இந்தப் பலகைக்குரியது போலக் காட்டித் தடையுத்தரவு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். எடுத்தாலும் எதிர்த்தரப்பின் ஆட்சேபணை வந்த தவணையிலேயே அது போய்விடும், செலவுத் தொகையும் சேர்த்து.

அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். உங்களுக்கு ஆறு கிழமை ஆகிவிட்டது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போயிருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கழிக்க 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் போகவில்லை. இப்போது போய்ப் பின்திகதி போட்டுக் காலத்தை மீட்க முடியாது. குழுவின் முடிவு வந்தால் அதிலிருந்து புதிதாக ஒரு மாதம் எண்ணலாம் என்று வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். அதில் உங்கள் காசைப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டட உரிமையாளரை மறந்துவிட்டீர்கள். குத்தகை உடன்படிக்கையில் வெளிச்சுவரில் மாற்றம் செய்ய அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. அறிவித்தலின் பிரதி அவருக்கும் போயிருக்கிறது. நாளைக்கு அவர் "எனக்குத் தெரியாமல் போட்டது" என்று ஒரு கடிதம் கொடுத்தால் பலகையோடு கடையும் ஆட்டம் காணும். அவரை இந்தக் கிழமையே நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் கறள் பிடிக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தென்மேல் பருவக்காற்று அடிக்கிற ஒரு நாளில் அந்தச் சட்டம் கழன்றால் கீழே நிற்பது பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனம். நட்டஈட்டு வழக்கில் அனுமதியில்லாத கட்டமைப்பு என்ற ஒரு வரி போதும். காப்புறுதிக் கம்பனியும் அதே வரியைக் காட்டிக் கைவிரிக்கலாம். வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இதற்காகவே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கழற்றச் சொல்வேன்.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். வெல்லமுடியாத வழக்கு என்று தெரிந்துகொண்டு உங்களை நீதிமன்றப் படி ஏற்ற எனக்கு விருப்பமில்லை. குழு அடுத்த முறை கூடுவதற்கு முன் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பலகையைச் சுவரோடு ஒட்டிய, விதிக்குள் அடங்குகிற அளவுக்கு வரைபடம் போடுங்கள். கட்டட உரிமையாளரின் கையொப்பத்தோடு அந்தச் சிறிய பலகைக்குக் கவரிங் அப்ரூவல், அதாவது அனுமதியில்லாமல் செய்த வேலைக்குப் பிறகு எடுக்கிற அனுமதி, கேளுங்கள். இப்போதிருக்கிற பலகைக்குக் கேட்கவேண்டாம், விதிக்குப் பொருந்தாத ஒன்றுக்கு அது கிடைக்காது. நீட்டு நாலு அடியை விண்ணப்பம் போட முன்பே வெட்டி எடுத்துத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். கட்டண வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கட்ட ஆயத்தம் என்று எழுதுங்கள். அப்புறம் பக்கத்துக் கடை, உறுப்பினர், பாகுபாடு என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் வரக்கூடாது. அனுப்ப முன் உங்கள் சட்டத்தரணி ஒரு தடவை பார்க்கட்டும், இந்தமுறை பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்த முதல் கடிதத்துக்கு உங்களிடம் ஏற்பு முத்திரைகூட இல்லை.

அதற்கிடையில் அழைப்பாணை வந்தால் தவணை தவறாமல் போய், அனுமதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, மீறல் பகுதி அகற்றப்பட்டுவிட்டது என்று படத்தோடு சொல்லி அவகாசம் கேளுங்கள். பலகை குறைந்து நிற்கும்போது கேட்கிற அவகாசத்துக்கு எதிர்த்தரப்பு ஆட்சேபிப்பது குறைவு.

விதிக்குள் கொண்டுவந்த பிறகும் காரணம் சொல்லாமல், உங்களைக் கேட்காமல் நிராகரித்தால் அப்போது எழுத்தாணை மனுவுக்கு உயிர் இருக்கிறது. அந்த நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த கிழமையிலேயே வாருங்கள்.