"கண்ணாடி சுத்தம்" என்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்களா?

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது) கொண்ட மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. பழைய மேனுவல் லென்ஸ்களைச் சேகரிக்கும் ஆர்வலர்கள் சிலருடன் அண்மையில் பழக்கம் ஏற்பட்டது. அவர்களில் ஒருவர் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2 லென்ஸை விற்கிறார். "உள்ளே கொஞ்சம் தூசி, படத்தில் தெரியாது, அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்களில் லேசாக எண்ணெய்" என்கிறார். இன்னொருவரிடம் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது. அதன் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. கதிரியக்கம் உள்ள லென்ஸ் என்று வேறு சொல்கிறார்கள். இரண்டும் கூரியரில்தான் வர வேண்டும், நேரில் பார்க்க வழியில்லை. பூஞ்சை பிடித்த ஒரு லென்ஸ் வந்துவிட்டால் மற்றவற்றுக்கும் பரவும் என்பது உண்மையா? எதைக் கேட்டு, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தூசி, எண்ணெய், மஞ்சள், கதிரியக்கம் என்று நீங்கள் வரிசையாகச் சொன்ன எதுவும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் கவலை தருகிறது. அந்த இரண்டு லென்ஸுக்குள்ளும் யாராவது டார்ச் அடித்துப் பார்த்தார்களா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் முதன்முதலில் சக ஆர்வலர் ஒருவரிடம் வாங்கியது ஒரு 135 மி.மீ. லென்ஸ். அவர் அனுப்பிய படங்களில் முன்கண்ணாடி கருநீலமாக, குளத்து நீர் போலத் தெளிந்து கிடந்தது. வந்த அன்று மாலை, எதிர்வெயிலில் ஒரு மரத்தைப் படம் எடுத்தேன். திரை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. கறுப்பு என்று ஒரு நிறமே படத்தில் இல்லை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கைச் சாய்வாகக் காட்டினேன். நடுக் கண்ணாடி ஒன்றில், குளிர்நாளில் கண்ணாடியில் மூச்சுவிட்டது போன்ற ஒரு பால் படலம், ஓரத்திலிருந்து ஓரம் வரை. விற்றவர் பொய் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக அவர் அந்த லென்ஸை நேராக மட்டுமே பார்த்திருக்கிறார்.

மங்கல் படலம், அதாவது ஹேஸ், நேர்ப்பார்வைக்குத் தப்பிவிடும். தூசி கண்ணில் படும், அதனால் எல்லோரும் தூசியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் உள்ளே பத்துத் துகள் கிடந்தாலும் படம் அப்படியேதான் இருக்கும். நம்பாவிட்டால் உங்களிடம் இருக்கும் ஒரு லென்ஸின் முன்கண்ணாடிமேல் கடுகளவு காகிதத் துண்டை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். அப்பர்ச்சர் திறந்திருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதே துண்டு பின்கண்ணாடியில் இருந்தால் கதை வேறு. பின்கண்ணாடிக் கீறலைப் பற்றி மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

ஆகவே விற்பவரிடம் இதைக் கேளுங்கள். இருட்டான அறை, அப்பர்ச்சர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து, நேராக அல்லாமல் சற்றுச் சாய்த்து அடித்து, முன்பக்கத்திலிருந்து ஒரு படம். பிறகு முன்பக்கம் டார்ச், பின்பக்கத்திலிருந்து ஒரு படம். வெளிச்சக் கற்றைக்குள் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சமமாகப் பரவிய பால்வெண்மை என்றால் ஹேஸ். சிலந்தி நூல்போல, பனிப்பூப்போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறையோ திட்டோ தெரிந்தால், ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகளுக்கு இடையிலான பசை விட்டுப்போயிருக்கிறது. அந்த லென்ஸை விட்டுவிடுங்கள், சரிசெய்யும் செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம். வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் யாரோ சட்டைத் துணியால் வருடக்கணக்கில் துடைத்திருக்கிறார்கள். அது லேசாக இருந்தால் பேரம் பேச ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டார்ச் வெளிச்சத்தில் புத்தம்புது லென்ஸ்கூட அழுக்காகத்தான் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போய், நல்ல லென்ஸையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துகள்கள் தனித்தனியாக மின்னினால் தூசி, விட்டுவிடுங்கள். படலமும் கிளையும்தான் குற்றம்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் எந்த லென்ஸில் என்பதைப் பொறுத்துத்தான் அது நோயா, வெறும் தழும்பா என்று சொல்ல முடியும். ஹீலியோஸ் 44-2 ப்ரீசெட் வகை. முன்னால் உள்ள வளையம் கிளிக் கிளிக் என்று நின்று எஃப் எண்ணை, அதாவது துளையின் அளவைத் தேர்கிறது. அதற்குப் பின்னால் உள்ள இன்னொரு வளையம் கிளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு, முழுத்திறப்புக்கும் நீங்கள் தேர்ந்த எண்ணுக்கும் இடையே இதழ்களைத் திறந்து மூடுகிறது. "வளையம் லூஸாக இருக்கிறது, உடைந்த லென்ஸை அனுப்பிவிட்டார்" என்று சண்டைபோட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்ட புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதழ்களை நகர்த்துவது உங்கள் விரல். ஸ்பிரிங் எதுவும் அவசரமாக மூட வேண்டியதில்லை. எனவே எண்ணெய் இருந்தாலும் வேலை நடக்கும். இந்த வகையில் எண்ணெய் படாத இதழைப் பார்ப்பதே அரிது.

டாக்குமார் அப்படியில்லை. அது தானியங்கி அப்பர்ச்சர், படம் எடுக்கும் நொடியில் இதழ்கள் தாமாக மூட வேண்டும். வளையத்தை எஃப்/16-இல் வைத்து, பக்கவாட்டுச் சுவிட்சை ஆட்டோவில் விட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியை நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். இதழ்கள் சட்டென்று மூடி, விட்டதும் சட்டென்று திறக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இமைப்பது போல மெதுவாக அசைந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. இந்தச் சோதனையை வீடியோவாகக் கேளுங்கள். எந்த வகையானாலும் எண்ணெய்க்கு இன்னொரு தொல்லை உண்டு: அது மெல்ல ஆவியாகி, இதழ்களுக்கு இருபுறமும் உள்ள கண்ணாடியில் படிந்து ஹேஸாக மாறும். எண்ணெய் என்றதும் டார்ச் படம் கேட்பது அதனால்தான்.

மஞ்சள் லென்ஸ் பயப்பட வேண்டியது அல்ல. சூப்பர் டாக்குமார் 50 எஃப்/1.4 முதலில் எட்டுக் கண்ணாடிகளோடு வந்தது. பின்னர் ஏழு கண்ணாடி வடிவமாக மாறியபோது தோரியம் கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். ஒளியை அதிகமாக வளைத்து, நிறச்சிதறலைக் கட்டுக்குள் வைக்க அது உதவியது. அந்தத் தோரியத்தின் கதிர்வீச்சே காலப்போக்கில் கண்ணாடியைப் பழுப்பு மஞ்சளாக்கிவிடுகிறது. புறஊதா ஒளி பட்டால் மஞ்சள் பெருமளவு விலகும். புறஊதா எல்இடி விளக்கின்கீழ் சில நாட்கள், அல்லது ஜன்னலோர வெயிலில் சில வாரங்கள் வைக்கலாம். வெயிலில் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது லென்ஸ், சூரியனைக் குவித்துத் திரைச்சீலையை எரித்துவிடும். பின்பக்கம் அலுமினியத் தாளால் மூடிவிட்டு வையுங்கள். லென்ஸின் உடல் சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடானால் கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கும். டிஜிட்டலில் கேமராவின் வெள்ளைச் சமநிலையே (ஒயிட் பேலன்ஸ்) மஞ்சளைச் சரிசெய்துவிடும் என்பதால், நான் என்னுடையதை அப்படியே விட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் அதுவே ஒரு மஞ்சள் ஃபில்டர்.

கதிரியக்கம் உண்மைதான், அளவு சிறியது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் ஆபத்து இல்லை. செய்யக் கூடாதது, அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதும் உடைத்துப் பொடியாக்குவதும். தூளை மூச்சில் இழுத்தால்தான் சிக்கல். கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் உருப்பெருக்கியாகவும் அதைப் பயன்படுத்தாதீர்கள். "பழைய லென்ஸ்தானே, கதிரியக்கம் எல்லாம் தீர்ந்திருக்கும்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

பூஞ்சை பரவுமா என்று கேட்டீர்கள். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன; உங்கள் புத்தம்புது லென்ஸிலும் இருக்கும். அவை முளைக்க வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டியில் பூஞ்சை லென்ஸ் பக்கத்தில் இருந்தாலும் மற்றவற்றுக்குப் பெரிய கேடு வராது. ஈரமான அலமாரியில் பூஞ்சை லென்ஸே இல்லாவிட்டாலும் பூஞ்சை வரும். ஆனாலும் சுத்தம் செய்யும் வரை நான் தனியாகத்தான் வைப்பேன். பழைய லென்ஸோடு வரும் அழகான தோல் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸை வைக்க அதைவிட மோசமான இடம் இல்லை. உறையைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸை வெளியே எடுங்கள். தொடக்கநிலைப் பூஞ்சையைத் துடைத்துவிடலாம். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிடும். துடைத்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் நிற்கும்.

கண்ணாடி முடிந்தால் உடல். ஃபோகஸ் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். முழுவதும் இறுக்கம் என்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. தெரிந்தவர் கையில் சரியாகிவிடும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். முன்விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகுத் தலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிய்ந்திருந்தால் யாரோ சரியான கருவியில்லாமல் திறந்திருக்கிறார்கள். திறப்பது குற்றமல்ல. திரும்ப மாட்டும்போது மரையை ஒரு சுற்றுத் தவறி மாட்டினால் தொலைதூரக் காட்சி ஃபோகஸ் ஆகாது. தொலைவில் உள்ள ஒரு பொருளை முழுத்திறப்பில் எடுத்த படம் ஒன்று கேட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

விற்பவர்களின் சொற்களுக்கும் ஓர் அகராதி வேண்டியிருக்கிறது. "வயதுக்கேற்ற நிலை" என்றால் கேள்வி கேட்காதே என்று பொருள். "படத்தில் தெரியாது" என்றால் எதிர்வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கவில்லை. ஹீலியோஸ் 44-2-ஐ "அரிய லென்ஸ்" என்பவரிடம் வாங்கவே வேண்டாம்; சோவியத் தொழிற்சாலைகள் அதை லட்சக்கணக்கில் செய்து தள்ளியிருக்கின்றன. இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். அதன் தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் குறிக்கும் என்பது ஒரு சிறு உபயோகம். லைக்கா, ஸைஸ் என்ற ஜெர்மன் நிறுவனப் பெயர்களைப் பொறித்த சோவியத் லென்ஸ்களும் சந்தையில் உண்டு. பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

உங்கள் சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீலியோஸை எல்லோரும் தேடுவது பின்னணி சுழல்வதுபோலத் தெரிவதற்காக. சட்டகத்தின் ஓரங்களில் மங்கலான ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் வடிவில் நசுங்கி, மையத்தைச் சுற்றி வரிசைகட்டுவதால் வரும் தோற்றம் அது. ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிகிறது. 58 மி.மீ. உங்களுக்கு 87 மி.மீ. போலத் தெரியும், அருமையான உருவப்பட லென்ஸ், சுழல் மட்டும் அரைகுறை. ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, சில மீட்டர் பின்னால் இலைகளுக்கிடையே வானம் துண்டு துண்டாகத் தெரியும்படி வைத்து, எஃப்/2-இல் எடுத்தால் ஓரளவு கிடைக்கும். அது போதாது என்றால், படத்தைச் சுருக்கி ஓரங்களையும் சென்சாருக்குள் கொண்டுவரும் ஃபோகல் ரெட்யூசர் உள்ள அடாப்டர் (பழைய லென்ஸை உங்கள் கேமராவில் மாட்ட உதவும் வளையம்) பாருங்கள்.

இரண்டு லென்ஸும் எம்42 திருகு மவுண்ட், அதாவது திருகி மாட்டும் வகை. ஒரே அடாப்டர் போதும். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மிரர்லெஸ் உடல்களில் அந்த இடைவெளி 20 மி.மீ. சுற்றி இருப்பதால் மீதியை அடாப்டர் நிரப்புகிறது. டாக்குமாரின் பக்கவாட்டுச் சுவிட்சை மேனுவலில் வையுங்கள், இல்லாவிட்டால் எந்த எண் வைத்தாலும் இதழ்கள் திறந்தே கிடக்கலாம். இந்த லென்ஸ்களைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதியுங்கள். உடலுக்குள் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் 58 அல்லது 50 என்று குவியத் தூரத்தை உள்ளிடுங்கள். எஃப்/1.4-இல் ஒரு மீட்டரில் நிற்பவரின் முகத்தில் தெளிவாக இருக்கப்போவது இரண்டு மூன்று செ.மீ. ஆழம்தான், வண்ணக்கோடு காட்டும் பீக்கிங்கை நம்பாமல், கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் ஹீலியோஸை முதலில் வாங்குங்கள், டார்ச் படங்கள் சுத்தமாக இருந்தால். எண்ணெயைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைக்கக் கேட்கலாம். மறைக்காமல் சொன்னவர் என்பதால் ரொம்பவும் இறுக்காதீர்கள். டாக்குமாருக்கு ஊசிச் சோதனை வீடியோ வந்த பிறகு பேசுங்கள். பணம் அனுப்பும் முன், வந்து இத்தனை நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா, கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அன்று மாலையே எதிர்வெயிலில் ஒரு மரத்தைப் படம் எடுத்துப் பாருங்கள்.