கூலிங் கிளாஸைப் புகழாமலும் திட்டாமலும் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் சைக்கிள் குழுவின் மாத இதழில் ஓக்லி கூலிங் கிளாஸ் பற்றி ஒரு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான்கு வருடமாக நானே அதைத்தான் போடுகிறேன். குழுவில் பாதிப் பேர் "அதற்கு ஈடே கிடையாது" என்கிறார்கள். மீதிப் பேர் "பெயருக்குத்தான் காசு" என்கிறார்கள். இரண்டு தரப்பும் சண்டைக்கு வராதபடி எழுத முடியுமா?

பதில்: சண்டைக்கு வரத்தான் செய்வார்கள். ஆனால் அந்தச் சண்டை உங்களோடு இல்லாமல் கண்ணாடியோடு நடக்கும்படி எழுதலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிய பிறகு, "இதைச் சொல்வது யார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யார் போய்ப் பார்த்தாலும் ஒப்புக்கொள்கிற விஷயமா, கம்பெனி சொல்வதா, உங்கள் மூக்கும் காதும் சொல்வதா? மூன்றையும் எழுதலாம், எது எது என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

முதல் வகை சுலபம். ஜிம் ஜன்னார்ட் 1975-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி இது. கையில் இருந்த முதலீடு 300 டாலர், பெயர் அவருடைய நாயின் பெயர். ஆரம்பத்தில் விற்றது கண்ணாடியே இல்லை, மோட்டார் சைக்கிள் கைப்பிடி உறை. பிறகு பந்தய வண்டி ஓட்டுகிறவர்களுக்கான காகிள்ஸ். 1984-ல் வந்த 'ஐஷேட்ஸ்' முகத்தை வளைத்து மூடுகிற பெரிய கண்ணாடி. கிரெக் லெமாண்ட் போன்ற சைக்கிள் வீரர்கள் அதைப் போட்டு ஓட்டிய பிறகுதான் நம் விளையாட்டில் பெயர் பரவியது. 2007-ல் இத்தாலியின் கண்ணாடிக் கம்பெனியான லுக்சோட்டிகா சுமார் 210 கோடி டாலருக்கு இதை வாங்கியது. லுக்சோட்டிகா 2018-ல் பிரான்ஸின் லென்ஸ் கம்பெனியான எஸ்ஸிலோருடன் இணைந்தது. இதில் யாரும் உங்களோடு மல்லுக்கு நிற்க முடியாது.

வழுக்கும் இடம் அடுத்தது. புளூட்டோநைட், ஓ மேட்டர், அன்அப்டெய்னியம், பிரிஸம் என்று கம்பெனி வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறது. கேட்டால் ஏதோ வேற்றுக் கிரகத்திலிருந்து இறக்குமதி ஆனது போல இருக்கும். அவற்றை அப்படியே எடுத்து எழுதினால் நீங்கள் விளம்பரம் எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். பெயரைச் சொல்லுங்கள், கூடவே அது என்ன என்றும் ஒரு வரி சொல்லுங்கள். புளூட்டோநைட் என்பது பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர். ஓ மேட்டர் பிரேமின் பிளாஸ்டிக். அன்அப்டெய்னியம் மூக்கிலும் காதோரத்திலும் வரும் ரப்பர். வியர்வை பட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது கம்பெனியின் வாக்கு. பிரிஸம், சில நிறங்களை வடிகட்டி மற்றவற்றைத் தூக்கிக் காட்டுகிற சாயம். பிரிஸம் என்றாலே போலரைஸ்டு, அதாவது தண்ணீர், சாலை போன்றவற்றில் பட்டுத் திரும்பும் கூச்ச ஒளியைத் தடுக்கிற லென்ஸ், என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, போலரைஸ்டு லென்ஸிலும் வரும், இல்லாததிலும் வரும்.

இந்த விளக்கத்தைப் படித்ததும் எதிர்த் தரப்பு, "பார்த்தீர்களா, வெறும் பிளாஸ்டிக்" என்று குதிக்கும். அதுவும் நியாயமான வர்ணனை இல்லை. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தானாகவே தடுக்கும். வேகமாகப் போகும்போது கல் தெறிக்கிற இடத்தில் அதைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதே பொருள் சீக்கிரம் கீறல் விழும். ஓரங்களில் கொஞ்சம் நிறம் சிதறிக் காட்டுகிற குணமும் உண்டு. இந்த நல்லதும் கெட்டதும் பாலிகார்பனேட்டுடையவை, வேறு கம்பெனியின் பாலிகார்பனேட் லென்ஸுக்கும் பொருந்தும். ஆகவே "ஓக்லி புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது" என்று எழுதினால் அது உண்மை. "ஓக்லி மட்டும்தான் காக்கிறது" என்று வாசகர் எடுத்துக்கொள்ளும்படி எழுதினால் உண்மை இல்லை. அந்த இடத்தில் வளைவின் வடிவத்தையோ, லென்ஸை மாற்றும் வசதியையோ, உதிரி பாகம் கிடைப்பதையோ பேசினால் வாசகருக்குப் பயன்.

கடைசியாக உங்கள் நான்கு வருடம். இதைத்தான் எல்லோரும் மங்கலாக எழுதுவார்கள், "மிகவும் வசதியாக உள்ளது" என்று. யாருடைய முகத்துக்கு? மூக்கின் மேல்பகுதி தாழ்வாக இருப்பவர்களுக்கு அளவு வேறு. கம்பெனியே அதற்குத் தனியாக ஒரு வகை விற்கிறது. உங்கள் முகம் எப்படி, எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள், ஹெல்மெட் பட்டையோடு இடிக்கிறதா, ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது ஆவி படிகிறதா, இதுவரை எத்தனை லென்ஸ் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கினீர்களா, ஓசியில் வந்ததா என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரியில் ஒளித்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பிரபல வீரர்களின் பெயரை எடுத்தால், அவர்களில் பலருக்குப் போடுவதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதும் பக்கத்திலேயே வரட்டும்.

கேள்வி: ரேபானுக்கும் ஓக்லிக்கும் ஒரே முதலாளி என்றால் இரண்டும் ஒரே சரக்குதானே? அப்படி எழுதலாமா?

பதில்: முதலாளி ஒருவர் என்று எழுதலாம். ரேபான் 1999-லேயே லுக்சோட்டிகாவிடம் வந்துவிட்டது. சன்கிளாஸ் ஹட் என்ற கடைத் தொடரும் அவர்களுடையதுதான், ஆகவே விலையைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமான தகவல். தயாரிப்பவரும் விற்பவரும் ஒரே வீடு என்றால் விலையைக் குறைக்க அவசரம் என்ன? ஆனால் "ஒரே சரக்கு" என்பது நீங்களே போட்ட முடிச்சு. இரண்டு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை எழுதாதீர்கள்.

கேள்வி: கறுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்கள். சரியா?

பதில்: தவறு. கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம். இருட்டில் கண்மணி விரிந்து, வரக் கூடாத கதிருக்கு வாசலைத் திறந்துவிடும். 'யூவி 400' என்று இருக்கிறதா என்று பாருங்கள், 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். அப்புறம் கறுப்பு எவ்வளவு என்று காட்ட 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் உள்ளே வரும், வெயிலுக்கு அது போதும். 4-ஐப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: பழைய ஓக்லியை விற்கப் போகிறேன். லென்ஸ் மட்டும் வேறு கம்பெனியுடையது, நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. "பிரேம் ஓக்லி, லென்ஸ் வேறு கம்பெனி, இந்த வருடம் மாற்றியது" என்று ஒரே வரியில் முடியும். நான் ஒருமுறை "ஒரிஜினல்" என்ற ஒற்றை வார்த்தையை நம்பி ஒரு கண்ணாடி வாங்கினேன். பெட்டி மட்டும் ஒரிஜினல். லென்ஸைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுங்கள், கீறல் தெரியட்டும். பில் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். இந்தப் பெயரில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது, வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.