ட்வின் கேம் எஞ்சினில் ‘டிக் டிக்’: லிஃப்டரை எப்போது மாற்றலாம், எப்படி மாட்டலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 ஹார்லி ஃபேட் பாய், ட்வின் கேம் 103 எஞ்சின். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் வலது பக்கம் ‘டிக் டிக்’ என்று அடிக்கிறது. ஹைட்ராலிக் லிஃப்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எந்த லிஃப்டர் வாங்குவது? நானே மாட்ட முடியுமா?

பதில்: மாட்டலாம். லிஃப்டர் என்பது, சுழலும் கேம் தண்டின் மேடு தள்ளும்போது அந்த அசைவை மேலே வால்வுக்குக் கடத்தும், உள்ளே ஆயில் நிறைந்த சிறு உருளை. ஆனால் லிஃப்டர்தான் குற்றவாளி என்று முதலில் உறுதியாக வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி தட்டிவிட்டு அடங்கினால் அது கோளாறே இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே நிற்கும். அதன் ஸ்பிரிங் அழுத்தி அழுத்தி லிஃப்டருக்குள் இருக்கும் ஆயிலை வெளியேற்றிவிடும், அவ்வளவுதான். உங்களுக்கு வருவது சூட்டில் வரும் சத்தம் என்பதால் ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள். நன்றாகச் சூடான எஞ்சினில் 2,000 ஆர்பிஎம்மில் 30 முதல் 38 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். குறைந்தால் பம்ப் பக்கம் தேடுங்கள். லிஃப்டர் மாற்றியும் சத்தம் போகாது. சைலன்சர் கேஸ்கெட் கசிவும் அச்சு அசல் இதே சத்தத்தைத் தரும்.

அடுத்து, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, தாள் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பளபளக்கும் துகள்களோ ஊசி போன்ற உலோகத் துண்டுகளோ கிடைத்தால் லிஃப்டர் ரோலரின் நீடில் பேரிங் உடைந்திருக்கலாம். அந்த நிலையில் வெறும் லிஃப்டரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. துகள் பம்ப்புக்குள் போயிருக்கும், கேம் முகத்தையும் கீறியிருக்கும். கேம் கவரைத் திறந்தே ஆகவேண்டும்.

எஞ்சினில் கேம், ஸ்பிரிங் எதையும் மாற்றாதவர்களுக்கு ஹார்லியின் சொந்த லிஃப்டரே போதும். ஆக்ரோஷமான கேம் போட்டு அதிக ஆர்பிஎம்மில் ஓட்டுபவர்கள் எஸ் அண்ட் எஸ், ஃபியூலிங், ஜிம்ஸ் போன்ற வேறு நிறுவனங்களின் லிஃப்டர்களைப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெட்டி பிரிக்கப்பட்ட, விலை குறைந்த சரக்கு வேண்டாம். ரோலர் யாரிடம் எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது.

லிஃப்டரின் தள்ளுதலை மேலே கொண்டுபோகும் கம்பிதான் புஷ் ராடு. கம்பெனி புஷ் ராடு ஒரே துண்டு, நீளத்தை மாற்ற முடியாது. அதைக் கழற்ற டேங்கை இறக்கி, சிலிண்டர் தலைக்கு மேலுள்ள ராக்கர் பாக்ஸையும் திறக்க வேண்டும். குறுக்கு வழி, பழைய ராடைப் போல்ட் கட்டரால் வெட்டியெடுத்துவிட்டு, நீளம் மாற்றக்கூடிய புஷ் ராடு போடுவது. வீட்டில் செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள், லிஃப்டர் துளைகளைத் துணியால் அடையுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பின் சக்கரத்தைத் தூக்கி, டாப் கியரில் சக்கரத்தைச் சுற்றினால் எஞ்சின் மெதுவாகச் சுழலும். ஒரு சிலிண்டரை கம்ப்ரெஷன் டிடிசியில், அதாவது இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தில், நிறுத்துங்கள். பழைய லிஃப்டரை எடுத்ததும் அந்தத் துளை வழியே டார்ச் அடித்து கேம் முகத்தைப் பாருங்கள். புதியதை ஆயிலில் நனைத்து, ரோலருக்கும் ஆயில் விட்டு இறக்குங்கள். தட்டையான பக்கம் திரும்பாமல் தடுக்கும் பின்னோடு பொருந்த வேண்டும். நீளமான ராடு எக்ஸாஸ்டுக்கு, குட்டையானது இன்டேக்குக்கு.

இனி அட்ஜஸ்ட்மென்ட். ராடை நீட்டிக்கொண்டே வந்து, மேலும் கீழும் ஆட்டம் போய், விரலால் சுழலும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து சுமார் 0.1 அங்குலம் நீட்டினால் லிஃப்டருக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் நடுவாக்கில் உட்காரும். அங்குலத்துக்கு 32 மரை என்றால் ஏறக்குறைய மூன்றேகால் சுற்று, 24 மரை என்றால் இரண்டரை. ராடோடு வரும் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். சத்தம் குறையட்டும் என்று கூடுதலாக அரைச் சுற்று இறுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அளவு மீறினால் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும்.

லாக் நட்டை இறுக்கியதும் கை பரபரக்கும், சக்கரத்தைச் சுற்றிவிடாதீர்கள். ஆயில் நிறைந்த லிஃப்டர் அப்போது கல் மாதிரி நிற்கும், வால்வு திறந்தே இருக்கும். சுற்றினால் ராடு வளையும், வால்வு எஞ்சின் பிஸ்டனில் இடிக்கவும் கூடும். பத்து, இருபது நிமிடம் பொறுங்கள். சில லிஃப்டர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டு ராடுகளும் மீண்டும் விரலால் சுழன்ற பிறகே அடுத்த சிலிண்டருக்குப் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், பிளக் கழற்றிய நிலையிலேயே, பிளக் ஒயர்களை எர்த் செய்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மோட்டாரைச் சிறிது சிறிதாக ஓட்டுங்கள். முதல் சில நிமிடம் தட்டினால் பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடேறி ஒரு சுற்று ஓட்டி வந்த பிறகும் தட்டினால் ஒவ்வொரு ராடின் பூஜ்யத்தையும் மறுபடி பாருங்கள்.