டாக்டர் பதில்கள்: க்ரேடு வேற, ஸ்டேஜ் வேற

கேள்வி: எங்கப்பாவுக்கு 61 வயசு, சின்ன வயசுலேர்ந்து பீடி. குரல் கம்மிப்போயி முழுங்க வலிக்குதுன்னு போனா, குரல்நாணுக்கு மேல கட்டின்னு சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. ரிப்போர்ட்ல 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா'ன்னு இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் இது கடைசி ஸ்டேஜ்னு சொல்லிட்டாரு, அம்மா சாப்பிடறதையே நிறுத்திட்டாங்க. உண்மையா டாக்டர்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: இல்லைம்மா. முதல்ல அம்மாவை சாப்பிட வைங்க. அந்த ரிப்போர்ட்ல இருக்கறது க்ரேடு, ஸ்டேஜ் இல்ல. க்ரேடுன்னா செல் எவ்வளவு மாறிப்போச்சுங்கறது, ஸ்டேஜ்னா கேன்சர் எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கறது. ஸ்டேஜ் என்னன்னு ஸ்கேன் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது.

தொண்டையோட உள்தோல்ல இருக்கற செல்லுங்க அடுக்கடுக்கா, தட்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். இதுல வர்ற கேன்சர்தான் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா'. கேன்சர் வந்த பிறகும் சில கட்டில செல் பழைய ஜாடைய விடாது, கெரட்டின்கூட (தோல், நகத்துல இருக்கற புரதம்) தயாரிச்சுக்கிட்டு இருக்கும், அதுதான் 'வெல் டிஃபரன்ஷியேட்டட்'. அப்பாவோட கட்டில அந்த ஜாடை போயிடுச்சு, உட்கரு பெருசாகி செல்லுங்க தாறுமாறா பிரியுது, அதுதான் 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட்'. இந்த மாதிரி செல்லுல பல சமயம் ஈ-கேட்ஹெரின்ங்கற புரதம் குறைஞ்சுடும், செங்கல்லுக்கு நடுவுல இருக்கற சிமெண்ட் மாதிரி செல்லுங்களை சேத்துப் பிடிக்கறது அதுதான், அது போனா செல் கழண்டு நகர ஆரம்பிச்சு நிணநீர்க் குழாய் வழியா கழுத்து நெறிக்குப் போகுது. அதனால இந்த க்ரேடுல பரவற வாய்ப்பு கூடுதல்ங்கறது நிஜம், அதை மறைக்க மாட்டேன்.

ஆனா குரல்வளை கேன்சரோட ஸ்டேஜ் கணக்குல க்ரேடு சேரவே சேராது. எடுத்தது சின்னத் துண்டு, கட்டி முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல, ரெண்டு பெத்தாலஜிஸ்ட் பாத்தா ரெண்டு க்ரேடு வர்றதும் உண்டு. க்ரேடை விட இடம் ரொம்ப முக்கியம். குரல்நாண்லயே வர்ற கட்டிக்கு நிணநீர்க் குழாய் கம்மி, குரலும் சீக்கிரமே கெடறதால ஆரம்பத்துலயே மாட்டிக்கும், முதல் ஸ்டேஜ்ல 10 பேர்ல 9 பேருக்கு கட்டுப்படுத்திடலாம். அப்பாவுக்கு இருக்கற மேல்பகுதி அப்படி இல்ல, அங்க நிணநீர்க் குழாய் நிறைய, கழுத்துல ரெண்டு பக்கமும் பரவலாம். அதனால கழுத்தைத் தொட்டுப் பாத்து நெறி தட்டுப்படலேன்னாகூட பெரும்பாலும் கழுத்தையும் சேத்துத்தான் வைத்தியம் பண்ணுவாங்க, பயந்துடாதீங்க.

டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: குரல்நாண் அசையுதா (அசையாம நின்னுட்டா குறைஞ்சது டி3, அதாவது கட்டி எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்ற கணக்குல மூணாவது படி), நெறியில பரவியிருக்கா, எத்தனை, நெறியோட மேலுறையைக் கிழிச்சு வெளிய வந்திருக்கா, நுரையீரல் சுத்தமா இருக்கா. நெறிக்குப் போனா பிழைக்கற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக் குறையும்னு பொதுவா சொல்வாங்க, மேலுறையைத் தாண்டினா இன்னும் மோசம். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித் தெரிஞ்சா ரேடியேஷனோட சிஸ்பிளாட்டின் கீமோவும் சேப்பாங்க, அதுல பலன் உண்டுன்னு 2004ல வந்த ரெண்டு பெரிய ஆய்வு காட்டியிருக்கு.

பீடிய இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. இனிமே என்னன்னு விட்டுடாதீங்க, புகைச்சுக்கிட்டே இருந்தா ரேடியேஷன் சரியா வேலை செய்யாது.

கேள்வி: மாமாவுக்கு டான்சில்ல கேன்சர், பி16 பாசிட்டிவ்னு வந்திருக்கு. பாசிட்டிவ்னா ஆபத்தா சார்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: டான்சில்ல அது பெரும்பாலும் நல்ல சேதி. ஹெச்பிவிங்கற (ஹ்யூமன் பாப்பிலோமா) வைரஸ் செல்லுக்குள்ள பூந்து கட்டுப்பாட்டைக் கெடுக்கறதால பி16 புரதம் ஏகமா சேருது, 70 சதவீதத்துக்கு மேல செல்லுல அழுத்தமா சாயம் ஏறினா பாசிட்டிவ். இந்தக் கட்டியும் மைக்ராஸ்கோப்புல ஜாடை இழந்த முரட்டுக் கட்டி மாதிரிதான் தெரியும், நெறிக்கும் சீக்கிரம் போகும், ஆனாலும் ரேடியேஷனுக்கு நல்லா அடங்கும். 2010ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல மூணு வருஷம் கழிச்சு ஹெச்பிவி இருந்தவங்கள்ல 82 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்லாதவங்கள்ல 57 சதவீதம். அதனாலதான் இதுக்குத் தனி ஸ்டேஜ் கணக்கே கொண்டுவந்தாங்க, க்ரேடு போடறதும் இல்ல.

மாமா புகைக்கறவரா இருந்தா அந்த நன்மை கொஞ்சம் குறையும், அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. வைரஸ் எப்படி வந்துச்சுன்னு வீட்டுல விசாரணை வேண்டாம், பல வருஷத்துக்கு முன்னாடி ஒட்டினதா இருக்கும், யார் மேலயும் தப்பு கிடையாது.