வெறும் மரம்தானா?

கேள்வி: ஆகஸ்ட் 15 லீவுக்கு குடும்பத்தோட பெங்களூர் போய் லால்பாக் மலர் கண்காட்சி பாத்தோம். ரெண்டு மணி நேரம் க்யூ, கண்ணாடி மாளிகைக்குள்ள ஒரே தள்ளுமுள்ளு, ஒரு போட்டோ எடுக்கறதுக்குள்ள 'நகருங்க நகருங்க'ன்னு விரட்டுறாங்க. மத்தபடி வெறும் மரம்தான். இதுக்கா இவ்ளோ பில்டப்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: க்யூ, தள்ளுமுள்ளு எல்லாம் நீங்க சொல்றது சரிதான், நானும் ஒரு தடவை மாட்டி சட்டை பட்டன் அறுந்து வந்தவன்தான். ஆனா 'வெறும் மரம்தான்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் சுர்ருன்னுச்சு. சாமி கும்பிடப் போய் செருப்பு ஸ்டாண்டை மட்டும் பாத்துட்டு வந்த கதையா இருக்கு சார்.

1760ல ஹைதர் அலி ஆரம்பிச்சு, திப்பு வெளிநாட்டுல இருந்தெல்லாம் செடி வரவழைச்சு வளர்த்த தோட்டம் அது. இப்ப 240 ஏக்கர். நீங்க நசுங்கின அந்த கண்ணாடி மாளிகை அதுல ஒரு ஓரம், அதுவும் 1889ல அடிக்கல் போட்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாதிரி கட்டினது. அப்ப தோட்டத்தைப் பாத்துக்கிட்டவர் ஜான் கேமரூன்னு ஒரு வெள்ளைக்காரர். உங்க வீட்டுல பெங்களூர் கத்திரிக்காய்னு வாங்கி கூட்டு வைக்கிறீங்களே, அந்த சௌசௌ மெக்சிகோ பக்கத்து கொடி, அதை பெங்களூருக்கு கொண்டாந்து பரப்பினவர் அவர்தான், அதனால அந்த 'வெறும்' தோட்டம் உங்க குழம்பு வரைக்கும் வந்துடுச்சு.

அப்புறம் அங்க ஒரு பெரிய இலவ மரம் இருக்கு. அடிவேர் ஒவ்வொண்ணும் பலகை பலகையா செவுரு மாதிரி எழும்பி நிக்கும், ரெண்டு வேருக்கு நடுவுல ஒரு ஆள் ஒளிஞ்சுக்கலாம், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். நீங்க என்னடான்னா இலவு காத்த கிளியா க்யூல நின்னுட்டு அந்த இலவ மரத்தையே பாக்காம பஸ் ஏறிட்டீங்க!

கெம்பேகவுடா கோபுரம் நிக்குற பாறையிலயாவது ஏறினீங்களா? அதுக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். அது மேல செருப்பைக் கழட்டிட்டு காலை வெச்சுப் பாருங்க, காலையில ஜில்லுன்னு இருக்கும், மத்தியானம் போனா கால் பழுத்துடும்.

சும்மா ஒரு செவ்வாய் புதன் பாத்து விடிகாலை ஆறு மணிக்கு கேட் திறந்ததும் போங்க, வாக்கிங் வர்ற பெருசுங்க தவிர ஆள் இருக்காது, மெட்ரோவுல பச்சை லைன்ல லால்பாக்னே ஸ்டேஷன் இருக்கு, பார்க்கிங் தலைவலியும் கிடையாது. பூ இல்லையேன்னு பிள்ளைங்க கேட்டா அந்த வேருக்கு நடுவுல விட்டு கண்ணாமூச்சி ஆட விடுங்க. லீவு கிடைக்குதேன்னு ஜனவரி 26க்கு மட்டும் கிளம்பிடாதீங்க, அப்பவும் மலர் கண்காட்சிதான்.