உயிரியல் பூங்காவில் விலங்குப் பராமரிப்பாளர் ஆக என்ன படிக்க வேண்டும்? சான்றிதழ் படிப்பு ஏதும் இருக்கிறதா?

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன், விலங்குகள் என்றால் உயிர், ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் படிப்பு ஒன்றுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேராதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வீட்டில் ஒருவருடைய சம்பளத்தில் ஓடுகிற குடும்பமாக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். திரையில் புலி பார்த்து வாங்கிய காகிதத்தைக் காட்டினால் எந்தப் பூங்காவிலும் சாவியை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள்.

நானும் விலங்கியல்தான். ஒரு சின்னப் பூங்காவில் இரண்டு வருடம் தினக்கூலியாக இருந்துவிட்டு, பிறகு முதுகலை படித்து, இப்போது வேறு இடத்தில் ஒப்பந்த அடிப்படையில் உயிரியலாளராக இருக்கிறேன். பழைய இடத்தின் பெயர் வேண்டாம், எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அரசுப் பூங்காக்கள் பெரும்பாலும் வனத்துறையின் கீழ் வருகின்றன. விலங்குக் காப்பாளர் பணிக்கு நான் பார்த்த அறிவிப்புகளில் எட்டாவது அல்லது பத்தாவது வகுப்புத்தான் கேட்டிருந்தார்கள், பட்டம் கேட்டதில்லை. ஆனால் அந்த அறிவிப்பு எப்போதாவது ஒரு முறைதான் வரும், மற்ற நாட்களில் தினக்கூலி, ஒப்பந்தம் என்றே ஓடும். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992 முதல் இருக்கிறது, காப்பாளர்களுக்கு அதன் ஆதரவில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, ஆனால் அவை ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. பட்டத்தை வைத்து மேலே போக வேண்டுமானால் உயிரியலாளர், கல்வி அலுவலர் போன்ற பதவிகள் உண்டு. அதற்கு வனவிலங்கு உயிரியலில் முதுகலை நல்ல வழி. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் அந்தத் துறை இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது, அங்கே இடம் கிடைப்பது கடினம், முயற்சி செய்யுங்கள். கால்நடை மருத்துவம் என்றால் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம், நீங்கள் பட்டம் முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது உங்கள் வீட்டு நிலையைப் பொறுத்தது.

இவ்வளவுதான் காகிதக் கதை. நீங்கள் கேட்டது காப்பாளர் வேலையைப் பற்றி. அந்த வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

சேர்ந்த மூன்றாவது வாரம் என்னைக் கரடிப் பகுதியில் போட்டார்கள். இரண்டு கரடிகள். ஒன்று ஆண், மலையடிவாரத்தில் ஒரு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டது, ஒரு கண் கிடையாது. மற்றது பெண். காலையில் நடக்க வேண்டியது இதுதான்: உள்கூண்டிலிருந்து இரண்டையும் வெளித்திடலுக்கு விட வேண்டும், மேலிருந்து இறக்கும் இரும்புக் கதவை இறக்கிப் பூட்ட வேண்டும், வெளியே போய் இரண்டும் திடலில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கழுவ வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும்.

அன்று லேசான மழை. கதவை இறக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன், பெண் கரடி கரையான் புற்று மாதிரி நாங்கள் கட்டி வைத்திருந்த மண்மேட்டைப் பறித்துக்கொண்டிருந்தது. ஆண் பாறைக்குப் பின்னால் இருக்கும், அதற்கு அங்கே ஒதுங்குவதுதான் வழக்கம். வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்கூண்டின் கதவில் சாவியைப் போட்டேன்.

"ரெண்டையும் பாத்தியா தம்பி?" என்றார் அண்ணன்.

"பாத்தேண்ணே."

"கண்ணால?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கம்பி வழியாக டார்ச் அடித்தார். மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கறுப்பாக ஒரு குவியல். அந்தக் கரடி வெளியே போகவே இல்லை. மழைச் சத்தம் பிடிக்காமல் படுத்திருந்தது. கரடியைப் பற்றிப் படித்திருப்பீர்கள், திடுக்கிட்டால் ஓடாது, பாயும், முகத்தைத்தான் பிடிக்கும். கண் தெரியாத பக்கமாக நான் வாளியோடு போயிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

அவர் திட்டவில்லை. அடுத்த மூன்று நாள் எனக்குக் கழுவுகிற வேலையும் கிடையாது, தீனி போடுகிற வேலையும் கிடையாது. ஒரு முக்காலியைப் போட்டு, "எண்ணு" என்றார். கரடி இரண்டு, அடுத்த திடலில் புள்ளிமான் நாற்பத்தொன்று, குரங்குக் கூண்டில் பதினெட்டு. மணிக்கொரு முறை எண்ண வேண்டும். மான்களை எண்ணிப் பாருங்கள், நாற்பத்தொன்று முப்பத்தெட்டாகும், நாற்பத்து நாலாகும். இரண்டாம் நாள்தான் புரிந்தது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளாமல் எண்ண முடியாது. கொம்பு வளைந்தது, காது கிழிந்தது, எப்போதும் வேலியோரம் நிற்பது. மூன்றாம் நாள் ஒன்று குறைந்தது, நான் தேடிப் போய்ப் பார்த்தபோது ஒரு பெண்மான் புதருக்குள் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து வருடக் கல்லூரி வாழ்க்கையில், முதுகலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் ஒரு உயிருள்ள விலங்கைப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொன்னதில்லை. கண்ணாடி ஜாடியில் ஃபார்மலினில் கிடந்ததைத்தான் பார்த்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மூர்பார்க் என்ற கல்லூரி இருக்கிறது, வளாகத்துக்குள்ளேயே ஒரு உயிரியல் பூங்கா, விலங்குகளை மாணவர்களே பராமரித்துப் படிக்கிறார்கள். இங்கே வேலை கிடைத்த பிறகுதான் பயிற்சி, அதுவும் அண்ணனைப் போல ஒருவர் வாய்த்தால்தான்.

உடனே யாராவது "அப்போ படிப்பே வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்க வருவீர்கள். அப்படிச் சொல்லவில்லை. எச்சம் இளகியிருப்பதை அண்ணன் முதலில் பார்ப்பார், அதில் என்ன புழு என்று நுண்ணோக்கியில் பார்க்க எனக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த விலங்கு பிழைக்கும். இன்னொரு கூட்டமும் வரும், மிருகத்தை அடைத்து வைப்பதே பாவம், அதற்கு என்ன பயிற்சி என்று. கிணற்றில் விழுந்து ஒரு கண் போன கரடியை எந்தக் காட்டில் விடுவீர்கள்? கூண்டில் பிறந்து வளர்ந்ததை எங்கே அனுப்புவீர்கள்? அவை இருக்கும்வரை யாராவது காலை ஆறு மணிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

காலை ஆறு மணி என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பூங்கா வாசலில் ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு, பலகைகூட உண்டு. ஐந்தரை மணிப் பேருந்து ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுவார்கள், பெண் ஊழியர்கள் நான்கு பேர் இருட்டில் நடந்து வருவார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்வையாளர்கள் வரும்போது மட்டும் எல்லாப் பேருந்தும் அழகாக நிற்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு, அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். நிரந்தரப் பணிக்கு ஆள் எடுத்தபோது அண்ணனுக்குத் தினக்கூலியில் பத்தொன்பது வருட அனுபவம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை. அனுபவத்துக்காவது கடிதம் கொடுங்கள் என்றால், ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் நடுவில் மூன்று முறை மாறியிருந்தார், யார் கணக்கிலும் முழுதாக அவர் பெயர் இல்லை. சான்றிதழ் வைத்திருந்த ஒரு பையன் சேர்ந்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு வேலை கற்றுக் கொடுக்க யாரைப் போட்டார்கள் தெரியுமா? அண்ணனைத்தான். அதே முக்காலியைப் போட்டு, "எண்ணு தம்பி" என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆகவே நீங்கள் எந்த வழியாகப் போனாலும், தினக்கூலியாகவே சேர்ந்தாலும், முதல் நாளிலிருந்து எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எந்தக் கூண்டு, யார் மேற்பார்வை, என்ன தீனி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மாதம் ஒரு முறை மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதுகலை நேர்முகத்தில் என்னிடம் அதிக நேரம் கேட்டது மதிப்பெண் பட்டியலைப் பற்றி அல்ல, என் நோட்டைப் பற்றி.

சேருவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குப் போய்த் தன்னார்வலராக வரலாமா என்று கேளுங்கள். வாரநாளில் காலையில் போங்கள். விடுமுறை நாள் பார்த்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்க வேண்டும் என்பது விதி, வண்டலூருக்குச் செவ்வாய். வண்டலூர் 602 ஹெக்டேர், அங்கே எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். ஒரே ஒரு கூண்டின் முன் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். கால் வலியும் சலிப்பும் பெரிதாகத் தெரிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. நேரம் போனதே தெரியவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்கும் விலங்குகளுக்கும் நோய் பொது. 2021ல் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது எல்லாருக்கும் தெரியும். இருமல் இருந்தால் வேலைக்குப் போகாதீர்கள், அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை. காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரேபிஸ் தடுப்பூசியைக் கடிபட்ட பிறகு போடலாம் என்று இருக்காதீர்கள், சேருவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த முப்பதாயிரத்தில் ஊசிக்கும் நல்ல பூட்ஸுக்கும் ஒரு டார்ச்சுக்கும் போக நிறையவே மிச்சம் இருக்கும்.